வீட்டில் யாரோ எடுக்கிறார்கள்

இப்போதெல்லாம் யாரும் யார் முகத்தையும் பார்த்துப் பேசுவதில்லை. டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்க்கிறார், கடைக்காரன் மெஷினைப் பார்க்கிறான், பேரன் போனைப் பார்த்துக்கொண்டே "சாப்டீங்களா தாத்தா" என்கிறான். இல்லை என்று சொன்னாலும் "சூப்பர்" என்கிறான். கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மா, நீங்களும் அப்படித்தான். போலீஸ் அதிகாரி நீங்கள், என்னை விசாரிக்கக் கூப்பிட்டிருக்கிறீர்கள், வந்ததிலிருந்து டைப் அடித்துக்கொண்டே இருக்கிறீர்கள். வாசலில் நிற்கிற உங்கள் ஆளும் என் முகத்தைப் பார்க்காமலே, "பெரியவரே, குடையை இங்க வெச்சுட்டுப் போங்க" என்றார். வைக்கவில்லை. கையோடு கொண்டுவந்திருக்கிறேன். யாரென்று தெரியாத ஆளிடம் குடையை விட்டுவிட்டு வர நான் என்ன முட்டாளா?

முட்டாள்தான். அதைச் சொல்லத்தானே வரச் சொன்னீர்கள். சொல்கிறேன், அடித்துக்கொள்ளுங்கள்.

நான் படித்தவன் இல்லை. துணி மில் கேட்டில் சோதனை போடுகிற வேலை பார்த்தேன். ஷிப்ட் முடிந்து வெளியே போகிறவர்களின் பையையும் டிபன் பாக்ஸையும் தடவிப் பார்த்து அனுப்ப வேண்டும். நான் பையைப் பார்க்கமாட்டேன், முகத்தைப் பார்ப்பேன். எடுத்தவன் முகத்தில் ஒரு திருட்டுக் களை தெரியும். தலை லேசாகச் சாயும், எச்சில் விழுங்குவான், கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வான். மில்லில் எனக்கு எக்ஸ்ரே என்று பேர் வைத்திருந்தார்கள். எனக்கு அதில் ரொம்பப் பெருமை. வீட்டிலும் எக்ஸ்ரேயாகத்தான் இருந்தேன். சம்பளக் கவரைக்கூட, கொடுத்தவனை ஒரு முறை முறைத்துப் பார்த்துவிட்டுத்தான் பிரிப்பேன்.

பண விஷயம் மட்டும் என் வீட்டுக்காரி கையில் இருந்தது. வீட்டில் மெஷின் போட்டுப் பள்ளிக்கூட யூனிபார்ம் தைத்தவள். பட்டனுக்குக் காஜா எடுத்துக்கொண்டே கணக்குப் போட்டுவிடுவாள். கரண்ட் பில், வரி, மருந்து எல்லாம் அவள் தலைக்குள் இருக்கும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் எனக்குப் பொழுது போகவில்லை. வீட்டில் ஆம்பிளை என்று ஒருத்தன் எதற்கு என்று, வங்கிக் கணக்கை என் போனில் போடச் சொல்லி மகனிடம் பிடிவாதம் பிடித்தேன்.

"ரெண்டு பேரும் சேந்தே பாத்துக்கலாங்க, வயசாகுதில்ல" என்றாள்.

"யாருக்கு?" என்றேன்.

"எனக்குத்தான்."

அவள் அப்படித்தான். சண்டையைத் துணி மாதிரி மடித்து உள்ளே வைத்துவிடுவாள்.

கொஞ்ச நாளில் கணக்கில் பணம் குறைந்தது. ஒரே மாதத்துக்குக் கரண்ட் பில் இரண்டு தடவை போயிருந்தது. மருந்துக் கடைக்கும் அப்படியே. யாரோ எடுக்கிறார்கள் என்று எனக்குப் பட்டுவிட்டது. கட்டியதை மறந்து நானே மறுபடி கட்டியிருப்பேன் என்று தோன்றவே இல்லை. ஊரையெல்லாம் படம் பிடிக்கிற எக்ஸ்ரே மெஷின் தன்னைத்தானே பிடித்துக்கொள்ளுமா, சொல்லுங்கள்.

அப்போதுதான் அந்தப் போன் வந்தது.

"ஐயா, பேங்க்ல இருந்து பேசறேன். சொல்லவே சங்கடமா இருக்கு. உங்க கணக்குல வீட்டு ஆளுங்க யாரோ கை வைக்கறாங்க."

"எனக்கு அப்பவே தெரியும்" என்றேன்.

"வீட்ல மூச்சு விடாதீங்க. இந்தக் காலத்துல யாரையுமே நம்பக் கூடாதுங்க ஐயா."

என் ஆயுசில் இவ்வளவு புத்தியாகப் பேசிய ஆளை நான் சந்தித்ததில்லை. யாரையும் நம்பக் கூடாது என்று சொன்ன ஒரே காரணத்துக்காக அவனை நம்பினேன். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். வீட்டுக்காரிக்குக் கேட்கக் கூடாதே என்று குழாயைத் திறந்துவிட்டேன். போனில் வந்த ரகசிய எண்ணை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். "கண்ணாடி போட்டுக்கிட்டு நிதானமாப் படிங்க, ஒண்ணும் அவசரமில்ல" என்றான். வீட்டில் யாரும் என்னிடம் அவ்வளவு பொறுமையாகப் பேசியதில்லை.

கணக்கைத் துடைத்து எடுத்துவிட்டான். அது அவளுடைய முட்டி ஆபரேஷனுக்கு வைத்திருந்த பணம். பெரும்பகுதி தையலில் வந்தது. அந்த மெஷினை மிதித்து மிதித்துத்தான் முட்டியும் போனது.

மகன் வந்தான். கத்தவில்லை. "தப்பில்லப்பா, வயசானா நடக்கறதுதான். நம்பரைச் சொன்னது யாருன்னு மட்டும் சொல்லுங்க. அவங்க கைல இனி போனும் கார்டும் வேணாம், நான் பாத்துக்கறேன்" என்றான். முடிவெட்டிக்கொள்ளக்கூட மகனிடம் போய்க் கை நீட்டி நிற்கிற என்னை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தேன். சகிக்கவில்லை.

"உங்கம்மாதான். என் போனை எடுத்துக்கிட்டுப் போயி பாத்ரூம்ல குழாயைத் தொறந்து விட்டுட்டு ஏதோ படிச்சுக்கிட்டிருந்தா, பாவம்" என்றேன்.

அவள் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். "நானா?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். எனக்கு அங்கேதான் பிடி கிடைத்தது.

ஒரு பொய்யைச் சொன்னால் மட்டும் போதாது, அது நிற்க வேண்டும். எந்தெந்த இடத்தில் பொருளை ஒளிப்பார்கள் என்று காலமெல்லாம் பார்த்தவனுக்கு ஒளிக்கச் சொல்லித்தர வேண்டுமா? அவள் கண்ணாடியை மாவு டப்பாவில் வைத்தேன். மாத்திரைகளை மெஷின் டிராயரில் போட்டேன். அவள் மூடிய கேஸைத் திறந்துவிட்டு, வாசம் வந்ததும் நானே ஓடிப்போய் மூடி, "பாத்து இருக்கக் கூடாதா" என்பேன். அன்பாகத்தான் சொல்வேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். இதில் ஒரு கூத்து. சில சமயம் எங்கே ஒளித்தேன் என்று எனக்கே மறந்துபோகும். இரண்டு பேரும் சேர்ந்து வீட்டைத் தலைகீழாகப் புரட்டுவோம். அந்த நாட்களில் என் நடிப்பு பிரமாதமாக இருக்கும்.

தொலையாமல் இருக்கட்டும் என்று கண்ணாடியை நூலில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். அவள் தூங்கும்போது நூலை அறுத்தேன். அவளுடைய கத்திரிக்கோலால்தான்.

டாக்டரிடம் மகன் கூட்டிக்கொண்டு போனான். நானும் போனேன். "நூறுல இருந்து ஏழு ஏழாக் கழிச்சுக்கிட்டே வாங்கம்மா" என்றார். நானும் மனதுக்குள் கழித்தேன். தொண்ணூற்று மூன்றுக்கு அப்புறம் எனக்கு ஒன்றும் வரவில்லை. நல்லவேளை, அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். அவள் கடகடவென்று இறங்கிவந்து, நடுவில் நிறுத்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "சரியாங்க?" என்றாள். கணக்கில் என்னிடம் அவள் கேட்ட முதல் சந்தேகம் அது. நான் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தேன். அதற்குமேல் அவளுக்கு ஓடவில்லை. டாக்டர் ஏதோ எழுதினார்.

அப்புறம் அவளை, மறதிக்காரர்களைப் பார்த்துக்கொள்கிற ஒரு இடத்தில் சேர்த்தோம். கேஸ் விஷயம் மகனைப் பயமுறுத்திவிட்டது. சுத்தமான இடம். கதவுக்கு வெளியே தாழ்ப்பாள். தலையணை உறைக்கு ஓரம் தைத்துக் கொடுக்கிறாள், ஆனால் கத்திரிக்கோல் தரமாட்டார்கள், நூலைப் பல்லால் கடிக்கிறாள். போனும் கார்டும் என்னிடம் இருக்கின்றன. போன மாதம் கரண்ட் பில்லை நானே கட்டினேன். இரண்டு தடவை கட்டினேன் என்கிறான் மகன். வேறு யாராவது கட்டியிருக்கலாம்.

பிறகு நீங்கள் பேங்க் என்று பேசி ஏமாற்றிய அந்தக் கூட்டத்தைப் பிடித்து, அவர்கள் போனில் பதிவானதை எனக்குப் போட்டுக் காட்டினீர்கள். குழாய்ச் சத்தம், நடுவில் ஒரு கிழவன் பள்ளிக்கூடப் பையன் மாதிரி எண் படிக்கிறான். என் குரல்தான். மறுக்கவில்லை. "மொதல்ல போய் அவங்ககிட்ட உண்மையைச் சொல்லுங்க, அப்பறம் வந்து கையெழுத்துப் போடுங்க" என்றீர்கள். நேற்று போய்ச் சொன்னேன்.

"இங்க பாரு, அன்னிக்கு நம்பர் படிச்சது நான். கண்ணாடியை ஒளிச்சதும் நான். கேஸும் நான்தான்."

தைப்பதை நிறுத்திவிட்டு என் கையைத் தடவிக் கொடுத்தாள்.

"எனக்காகப் பழியைத் தூக்கித் தலைல போட்டுக்காதீங்க. நான்தாங்க பண்ணேன். இப்பக்கூடக் கண்ணு முன்னாடி நிக்குது. குழாயைத் தொறந்து விட்டுட்டுப் படிச்சேன்ல. உங்க பேச்சைக் கேட்டிருக்கணும். நீங்க சாப்டீங்களா?"

நான் அவள் முகத்தைப் பார்த்தேன் அம்மா. நீங்கள் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். தலை லேசாகச் சாய்ந்தது. எச்சில் விழுங்கினாள். "டப்பாவுல மாவு எடுக்கறப்பதான் கண்ணாடியை உள்ள விட்டிருப்பேன்" என்றாள். அதை நான் கேட்கவே இல்லை.

எத்தனை ஆயிரம் முகத்தைப் பார்த்து அனுப்பியவன் நான். எடுத்தவள் முகம் அது. குரலை வைத்துக்கொண்டு என்ன கண்டுபிடிப்பீர்கள்? எந்தக் குரலையும் எந்த மெஷினிலும் போடலாம். ராத்திரி முழுக்க யோசித்தேன். அவ்வளவு தெளிவாகச் சொல்கிறாளே, ஒருவேளை அவள் சொல்வதுதான் சரியோ. நான்தான் அவள் மேல் உள்ள பாசத்தில் இல்லாததையெல்லாம் என் தலையில் ஏற்றிக்கொள்கிறேனோ.

அதனால் அந்தப் பேப்பரை என் பக்கம் தள்ளாதீர்கள். கையெழுத்துப் போடமாட்டேன். கிளம்புகிறேன். வாசலில் இருக்கிற ஆளிடம் என் குடையைத் தரச் சொல்லுங்கள். அவன்தான் எடுத்திருப்பான், உள்ளே வரும்போதே முகத்தைப் பார்த்தேன்.

எங்கே? என் கையிலா?

ஆமாம், தொங்குகிறது. நான் மாட்டவில்லை.