மடியில் ஓர் ஆலமரம்

காயல்பட்டினத்திலிருந்து திருநெல்வேலி போகும் பஸ்ஸில், என் முன் சீட்டு அம்மா ஒரு முழ உயரப் போன்சாய் ஆலமரத்தைச் சின்னத் தொட்டியோடு மடியில் வைத்திருந்தார்.

"இதுக்கு வேரு வெட்டி மூணு வருஷமாச்சு," என்றார், பக்கத்தில் இருந்த செடி நர்சரிக்காரப் பெண்ணிடம்.

"தண்ணி ஊத்துனா உள்ள இறங்குதாக்கா?"

"இல்ல, மேலயே நிக்கி."

"வேரு தொட்டிய அடைச்சிட்டு. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா, வெயில் காலத்துல துளிர் விடும்போது வெட்டி, மண்ணு மாத்தணும். ஏன் விட்டீங்க?"

"வீட்டுக்காரவுஹ துபாய்லருந்து வந்து வெட்டுதேன்னு சொன்னாஹ. ஒவ்வொரு கோடையிலயும் அடுத்த மாசம் வாரேம்பாஹ."

"இப்பவும் துளிர் இருக்கு, வெட்டலாம். அண்ணன்ட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுங்க."

ஆழ்வார்திருநகரி தாண்டியதும் அந்த அம்மா தொட்டியை அந்தப் பெண் பக்கம் நகர்த்தினார்.

"கேக்க வேண்டாம்மா. எப்படி வெட்டணும்னு எனக்குக் காட்டித் தா. அடுத்த தடவையும் நான்தான் வெட்டணும்."