முட்டையும் மொட்டையும்

யுகேன்: காரை நிறுத்து மாதவி. நான் இங்கயே இறங்கி கொமுட்டர் ரயில் பிடிச்சு கிள்ளானுக்கே போயிடறேன்.

மாதவி: ஹைவேயில எங்கலா நிறுத்தறது? சும்மா உட்காரு.

யுகேன்: நம்ம கல்யாணத்துக்கு முதல் பத்திரிகையை முருகன் காலடியில வைக்கணும், பத்துமலைக்கு வான்னுதானே கூப்பிட்ட? அதுக்குத்தானே வேட்டி கட்டிக்கிட்டு வந்தேன்? பிரிக்பீல்ட்ஸ்ல மாலை வாங்குற வரைக்கும் இந்த ஆளு வாயே திறக்கலை. ஹைவே ஏறினதும் என் தலையைக் கேக்கிறான்!

பக்கிரி: தலையை யாரு கேட்டா மச்சான்? முடியைத்தான் கேட்டேன். தலை உனக்கே.

மாதவி: பக்கிரிண்ணே, முதல்லேர்ந்து சொல்லுங்க. எனக்கும் ஒண்ணும் புரியலை.

பக்கிரி: அது... ஒரு வேண்டுதல்மா. போன மாசம் நம்ம ஐஸ் ஹாக்கி டீம் நெட்டையனுங்க கூட விளையாடிச்சில்ல? நான் கோல் கீப்பர், இந்தப் பக்கம் வலைக்கு முன்னாடி நிக்கிறேன். நின்னுக்கிட்டே மனசுக்குள்ள, 'முருகா, இந்த யுகேன் ஒரு கோல் போட்டு நம்ம முட்டையை உடைச்சான்னா மொட்டை போடறோம்'னு...

யுகேன்: போடு. உன் தலை, உன் முருகன். நான் சந்தனம் பூசி விடறேன்.

பக்கிரி: உன் தலைக்கு வேண்டிக்கிட்டேன்.

யுகேன்: ஏன்டா? உன் தலைக்கு என்ன வந்துச்சு?

பக்கிரி: என் தலையில என்னலா இருக்கு? காது ஓரத்துல கொஞ்சம், பிடரியில கொஞ்சம். அதைப் போய்க் கொடுத்தா முருகன் கோவிச்சுக்க மாட்டாரா?

யுகேன்: கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைச்சிருக்க!

பக்கிரி: நல்ல தேங்காயா பார்த்துத்தான் உடைச்சேன்.

யுகேன்: மூணு வாரத்துல கல்யாணம்டா! ஃபோட்டோக்காரன் வேற, 'பாஸ், உங்க முடி அழகா இருக்கு, காத்துல பறக்கிற மாதிரி எடுக்கலாம்'னான்.

மாதவி: எனக்குத்தான் இன்னும் புரியலை. நெட்டையனுங்கன்னா யாரு?

யுகேன்: அது ஒரு நாடு. பேரைச் சொல்ல மாட்டோம், ராசி இல்ல.

மாதவி: அவ்வளவு பயமா?

பக்கிரி: பயமில்லமா, வரலாறு. மத்த நாட்டுக்கு எதிரா எல்லாம் நாங்க கோல் போட்டிருக்கோம். ஜெயிச்சும் இருக்கோம். இவனுங்ககிட்ட மட்டும் எப்பப் போனாலும் முட்டை. அத்தனை பேரும் பனை மரம். நான் குனிஞ்சு பார்க்கிறதுக்குள்ள பக்கு உள்ள போயிருக்கும்.

மாதவி: பக்கா?

யுகேன்: எத்தனை தடவை சொல்லியிருக்கேன்! பந்துக்குப் பதிலா வட்டமா, கறுப்பா, ரப்பர்ல...

மாதவி: ஓ, அந்தக் கறுப்பு கேக்கு. அது பேரு பக்கா? பக்கிரிண்ணே பேரைச் சுருக்கி வெச்சிருக்காங்கன்னு நினைச்சேன்.

பக்கிரி: டீம்ல பாதிப் பேரு அப்படித்தான்மா நினைச்சானுங்க. 'பக்! பக்!'னு கத்துவானுங்க. என்னைத்தான் கூப்பிடறானுங்கன்னு வலையை விட்டுட்டு முன்னாடி போனேன் ஒருநாள். பின்னாடி கோல்.

யுகேன்: நம்ம டீமோட வரலாறே அதுதான்.

மாதவி: சரி, முதல் தடவை நெட்டையனுங்களைப் பார்த்தது எங்க?

பக்கிரி: அவனுங்க ஊர்லயே. அதுக்கு முன்னாடி நாங்க பழகினதெல்லாம் ஷாப்பிங் மால்ல. ஒரு பக்கம் பர்த்டே பார்ட்டி நடக்கும். பிள்ளைங்க ஐஸ்ல வழுக்கி விழாம இருக்க பிளாஸ்டிக் பெங்குவினைப் பிடிச்சுக்கிட்டு நடக்கும். அதுங்க வீட்டுக்குப் போனப்புறம்தான் தேசிய டீமுக்கு இடம்.

யுகேன்: இடமும் சின்னது. அங்க போய் முழு அளவு ஐஸ் ரிங்கைப் பார்த்ததும் நம்ம கேப்டன் லிம், 'இது விளையாடுற இடமா, ஏர்போர்ட்டா?'ங்கிறாரு. இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடிக்குப் போறதுக்குள்ள எனக்கு மூச்சு வாங்கிடுச்சு.

பக்கிரி: நீ திரும்பி வந்தப்ப ஆட்டமே முடிஞ்சிருந்துச்சு.

மாதவி: எத்தனைக்கு எத்தனை?

யுகேன்: விடு.

மாதவி: சும்மா சொல்லுலா.

பக்கிரி: ஸ்கோர் போர்டுல அவனுங்க பக்கம் நம்பர் மாறி மாறி ஒரு பல்பே போயிடுச்சு. நம்ம பக்கம் பல்பு புதுசு கலையாம இருந்துச்சு.

மாதவி: பாவமே.

பக்கிரி: அதைவிடக் கொடுமை ஊருக்குத் திரும்பினப்புறம். ஏர்போர்ட்டுலேர்ந்து வரோம், ரோட் பிளாக். போலீஸ்காரர் என்ன கோஷ்டின்னு மலாய்ல கேக்கிறாரு. நம்ம மாப்பிள்ளை பெருமையா, 'நாங்க ஐஸ் டீம், சார்'ங்கிறான்.

மாதவி: ஐயோ! இங்க போலீஸ்காரங்களுக்கு ஐஸுன்னா போதைப்பொருள்தானே!

பக்கிரி: அப்புறமென்ன, எல்லாப் பையையும் இறக்குங்கன்னுட்டாரு. முதல்ல வெளிய வந்தது என் கால் பேட். அந்த வேர்வை நாத்தத்துக்கு அவரே நாலடி பின்னாடி போயி, 'போங்க, போங்க'ன்னுட்டாரு.

யுகேன்: சிரிக்காதீங்க. நாட்டுக்காக ஆடறோம்.

மாதவி: சிரிக்கலை. அதுக்கு அடுத்த தோல்விக்குத்தானே பிரிக்பீல்ட்ஸ்ல வாழையிலைச் சாப்பாடு?

பக்கிரி: அதே! ரசம் ஊத்துற நேரம். இவன் எழுந்து நின்னு, கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி...

மாதவி: 'அவனுங்க வலையில நான் ஒரு கோல் போடாம தாலி கட்ட மாட்டேன்!' எதிர்ல அப்பளத்தைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தது நான்.

யுகேன்: கோவத்துல வந்துடுச்சு மாதவி. சொன்னப்புறம் எப்படி மாத்துறது?

மாதவி: நீ சொல்லிட்ட. அப்புறம் கோவிட் வந்துச்சு. போட்டியே இல்ல. அப்புறம் போட்டி வந்துச்சு, நெட்டையனுங்க வரலை. வந்தானுங்க, உனக்கு முட்டி உடைஞ்சுச்சு. என் சித்தி மக ஷாமினி எனக்கு அப்புறம் ஆளைப் பார்த்து, கட்டி, இப்ப அவ புள்ள தடிகாவுக்கு, பாலர் பள்ளிக்கே போகுது.

யுகேன்: உனக்கு அவசரமா இருந்துச்சா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?

மாதவி: யாருக்கு, எனக்கா? சீ! எனக்கென்ன அவசரம்? மசாலாக் கடையைப் பார்க்கவே நேரம் போதலை.

யுகேன்: அதானே. கோல் போட்ட அன்னிக்குக்கூட மேடம் வரலை.

மாதவி: கடையில சரக்கு வந்து இறங்குச்சு, சொன்னேனே. சரி, அந்தக் கோலை எப்படிப் போட்ட? இன்னொரு தடவை சொல்லு.

யுகேன்: எத்தனை தடவை?

மாதவி: கேக்கக் கேக்க ஆசையா இருக்கு.

யுகேன்: லிம் பாஸ் பண்ணாரு. நான் இப்படித் திரும்பி... ஒரு நெட்டையனை வெட்டிட்டு...

பக்கிரி: போன வாரம் ரெண்டு நெட்டையன்.

யுகேன்: ரெண்டு பேரை வெட்டிட்டு, மட்டையைத் தூக்கி ஒரே அடி. கீப்பர் பார்க்கக்கூட இல்ல. உள்ள!

மாதவி: அப்ப நீ வலையைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தியா?

யுகேன்: வேற எங்க பார்ப்பாங்க?

மாதவி: இல்ல, சும்மா கேட்டேன். எனக்கென்ன தெரியும் இந்த விளையாட்டைப் பத்தி.

பக்கிரி: நான் அந்தக் கோடியில இருந்தேன்மா. எல்லாரும் ஒருத்தர் மேல ஒருத்தர் விழுந்து கிடந்தானுங்க, ஒண்ணும் தெரியலை. வீடியோ எடுக்க வந்த நம்ம கார்த்திகேசுவுக்குக் குளிர்ல கை விறைச்சு, ஃபோன் கீழ விழுந்துடுச்சு. ஆனா மைக்குல இவன் பேரைச் சொன்னாங்க. நான் அழுதுட்டேன்.

யுகேன்: நிஜமாவா அழுத?

பக்கிரி: ஹெல்மெட்டுக்குள்ளலா. துடைக்கக்கூட முடியலை.

மாதவி: வந்தாச்சு. இறங்குங்க. யுகேன், மாலையை எடு. பக்கிரிண்ணே, பத்திரிகைத் தட்டு.

பக்கிரி: அதோ, மொட்டை போடுற இடம். திருச்செல்வம் அண்ணன்கிட்ட காலையிலேயே சொல்லி வெச்சிட்டேன். புது பிளேடு.

யுகேன்: எல்லாம் ஏற்பாடா! கிட்ட வராத... நில்லு. நீ வேண்டிக்கிட்டதை வார்த்தை மாறாம இன்னொரு தடவை சொல்லு.

பக்கிரி: அது வந்து... மாதவி...

யுகேன்: அவளை ஏன் பார்க்கிற? வேண்டிக்கிட்டது நீதானே?

பக்கிரி: ஆமாலா, நான்தான்! 'யுகேன் கோல் போட்டான்னா, அவனுக்கு மொட்டை'. இவ்வளவுதான்.

யுகேன்: நான் போட்டா?

பக்கிரி: நீ போட்டா.

யுகேன்: அப்ப வேண்டுதல் செல்லாது. வாங்க, பத்திரிகையை வெச்சிட்டு வீட்டுக்குப் போவோம்.

பக்கிரி: ஏன் செல்லாது?

யுகேன்: ஏன்னா... கிட்ட வா, காதுல சொல்றேன்.

பக்கிரி: இந்தக் கூட்டத்துல காதுல எங்க கேக்குது? சத்தமா சொல்லு.

யுகேன்: நான் கோல் போடலைடா! நான் குப்புற விழுந்து கிடந்தேன். லிம் அடிச்சது எங்கயோ பட்டு வந்து, என்... பின்பக்கத்துல பட்டு உள்ள போச்சு!

பக்கிரி: ...பின்பக்கத்துலயா?

யுகேன்: இன்னும் வலிக்குது.

பக்கிரி: அப்ப அந்த ரெண்டு நெட்டையனுங்க?

யுகேன்: என் மேல விழுந்து கிடந்தவனுங்கதான் அவனுங்க.

பக்கிரி: நான் அழுதேனேடா!

யுகேன்: ரூல்படி கடைசியா பட்டவன் பேருக்குத்தான் கோல். அதான் மைக்குல சொன்னாங்க. ஆனா ரூல் வேற, மனசாட்சி வேற. போடாத கோலுக்கு முருகனுக்கு முடி கொடுக்கலாமா? பாவமில்லையா? அதனால முடி தப்பிச்சுச்சு, மனசும் லேசாச்சு.

மாதவி: அப்ப கோல் உன்னோடது இல்ல.

யுகேன்: இல்லவே இல்ல.

மாதவி: முருகன் சந்நிதியில சொல்ற.

யுகேன்: சத்தியமா.

மாதவி: அப்ப தாலி?

யுகேன்: என்ன தாலி?

மாதவி: 'கோல் போடாம தாலி கட்ட மாட்டேன்'. பிரிக்பீல்ட்ஸ். ரசம். அப்பளம்.

யுகேன்: ஐயோ, அந்தச் சபதம்!

பக்கிரி: மச்சான், மாட்டிக்கிட்ட. கோல் உன்னோடதுன்னா மொட்டை. இல்லேன்னா கல்யாணமே இல்ல.

மாதவி: பக்கிரிண்ணே, அந்தத் தட்டை இப்படிக் கொடுங்க. பத்திரிகையைத் திருப்பிக் கொண்டு போயிடலாம். அடுத்த தடவை நெட்டையனுங்க எப்ப வரானுங்களோ...

யுகேன்: இரு, இரு! தட்டைக் கீழ வை.

மாதவி: ஏன்? சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்கில்ல?

யுகேன்: மாதவி, உனக்கு அவசரமில்லேன்னு நீ சொல்லுவ. எனக்கு அவசரம். ரொம்ப அவசரம். அன்னிக்கு அந்த பக்கு வலைக்குள்ள போனதும் நான் நாட்டை நினைக்கலை, டீமை நினைக்கலை. விழுந்து கிடந்த இடத்துலயே உன்னைத்தான் நினைச்சேன். எழுந்தா நிஜமில்லேன்னு ஆயிடுமோன்னு பயந்து எழுந்துக்கவே இல்ல. இன்னொரு தடவை உன்னைக் காக்க வைக்க என்னால முடியாது.

மாதவி: அப்ப கோல் யாரோடது?

யுகேன்: திருச்செல்வம் அண்ணே, கோல் என்னோடதுதான்! நாற்காலியைப் போடுங்க. பக்கிரி, வேட்டியைப் பிடி. ஃபோட்டோக்காரன் வேணும்னா தலைப்பாகையைக் காத்துல பறக்க விடட்டும்.

பக்கிரி: நிஜமாவே உட்கார்ந்துட்டியா?

யுகேன்: உட்கார்ந்துட்டேன்லா. தண்ணி தெளிக்கிறாரு பாரு. ஐஸ் மாதிரி இருக்கு.

பக்கிரி: மாதவி, போதும்மா. நேத்திலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல. முருகன் வாசல்ல நின்னுக்கிட்டு இனிமே என்னால பொய் சொல்ல முடியாது. நீயே சொல்லிடு.

யுகேன்: என்னத்தைச் சொல்லணும்? யாரு பொய் சொன்னா? அண்ணே, ஒரு நிமிஷம் கத்தியைத் தள்ளி வைங்க... வேண்டிக்கிட்டது இவன் இல்லையா?

மாதவி: நான்தான். சொன்னா, 'கல்யாணத்துக்குப் பறந்தா'ன்னு ஆயுசுக்கும் கிண்டல் பண்ணுவ, அதான் பக்கிரிண்ணேயைச் சொல்லச் சொன்னேன். கடையில சரக்கு ஒண்ணும் வரலை. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால, வலை ஓரமா, துப்பட்டாவால மூக்கை மூடிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். கடைசி பீரியட், பவர் பிளே, லிம் ஸ்லாப் ஷாட், கீப்பர் பேட்ல பட்டு ரீபவுண்ட்... உன் பின்பக்கத்துல பட்டு அந்த பக்கு உள்ள போனதை உன்னைவிட நல்லாப் பார்த்தது நான்தான். பக்கிரிண்ணே வேண்டுதலைத்தான் மாத்திச் சொல்லிட்டாரு. 'யுகேன் கோல் போட்டா'ன்னு வேண்டிக்கிட்டா இந்த ஜென்மத்துல எனக்குக் கல்யாணம் ஆகுமா? 'முருகா, எப்படியாவது'ன்னுதான் வேண்டிக்கிட்டேன். தலையைக் குனி.