ஆற்றைப் பார்க்காத கதவு

புனே லோக்கலில் தமிழ் காதில் விழுந்தால் நான் பேப்பரை மடித்துவிடுவேன். அன்று காலை காசர்வாடியில் ஏறிய இரண்டு கல்லூரி மாணவர்கள் எதிரே உட்கார்ந்தார்கள். ஒருவன் கண்ணாடி போட்டவன். இன்னொருவன், பேச்சிலிருந்து தெரிந்தபடி, கல்லூரிப் படகு அணியின் கேப்டன். அவன் மடியில் செய்தித்தாள் சுற்றிய கனமான பொட்டலம்.

"படகு ரெடி, ஆனா ஷெட்டை விட்டு வெளிய வராதா? ஊருக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள என்னடா பண்ணி வெச்சீங்க?" என்றான் கண்ணாடிக்காரன்.

"மழைன்னு உள்ளயே வெச்சுக் கட்டினோம். எட்டுப் பேர் துடுப்புப் போடுற நீளப் படகுடா! வாசல்ல திருப்ப முடியல. ரோடு குறுகல், எதிர்லயே காம்பவுண்டுச் சுவர்."

"கதவை ஆத்துப் பக்கம் வெச்சிருக்கலாமே?"

"ஷெட்டைத் திறந்து வைக்க வந்த வி.ஐ.பி.யோட கார் ரோட்லதானே நிக்கும்? ரிப்பன் வெட்டத் தோதா கதவையும் அங்கயே வெச்சுட்டாங்க."

"அரே, என்னடா இது! ஞாயித்துக்கிழமை ரேஸ். நம்ம காலேஜோட முதல் ரேஸ்!"

"அதான், ஆத்துப் பக்கச் சுவரை உடைக்கணும்னு பிரின்சிபாலுக்கு லெட்டர் குடுத்தேன். யோசிச்சுச் சொல்றேன்னார்."

வண்டி தாபோடி தாண்டிப் பாலத்தில் ஏறியது. இருவரும் கீழே ஆற்றைப் பார்த்தார்கள்.

"அவர் முடியாதுன்னுட்டா?"

கேப்டன் பொட்டலத்தைப் பிரித்தான். உள்ளே கதவுக்கான பெரிய இரும்புக் கீல்கள் இரண்டு.

"சுவரை நேத்தே உடைச்சாச்சு. இன்னிக்கு அவரைக் கூட்டிட்டுப் போய், அந்த ஓட்டைக்குக் கதவு வேணுமா, வேண்டாமான்னு மட்டும் கேக்கப் போறேன்."