கல்லுப் படிப்பும் ராத்திரிச் சோறும்

"நம்ம ஊர்ல இல்லாத கல்லா நர்சம்மா? அதப் படிக்கறதுக்குக் கடன் வாங்கிக்கினு சிதம்பரம் போவணுமாம். எங்கனா உண்டா இந்த அநியாயம்?"

செஞ்சி ஆஸ்பத்திரியில் ராத்திரி டூட்டி முடித்து, விழுப்புரத்து வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்று ஜன்னலோரம் தலையைச் சாய்த்திருந்தாள் நர்ஸ் சவரியம்மாள். பஸ்ஸில் பாதி சீட்டு காலி. இருந்தும் ஜெயமாலா அவள் பக்கத்தில்தான் வந்து உட்கார்ந்தாள். பேச ஆள் வேண்டாமா? கடலைக்கொட்டை வியாபாரி மகாவீரனின் மனைவி அவள். போன வருஷம் காலில் முள் குத்திச் சீழ் வைத்தபோது சவரியம்மாள்தான் கட்டுப் போட்டு விட்டாள். அந்த ஒரு பழக்கம் போதும், ஊர்க்கதை முழுக்கச் சொல்ல.

டிரைவர் இன்னும் டீக்கடையில்தான் நின்றிருந்தான். எதிரே வெயிலில் காய்ந்துகொண்டிருந்த கோட்டை மலையை ஜெயமாலா கையை நீட்டிக் காட்டினாள். பாறைமேல் பாறையாக, யாரோ கூடையில் கொண்டுவந்து கொட்டினது போல இருக்கிறதே, இதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த பிள்ளைக்கு இன்னும் என்ன கல்லு பாக்கி? பாண்டிச்சேரியில் உறவுக்காரர் வீட்டில் தங்கி பி.எஸ்ஸி. முடித்தான் அவள் மகன் தர்மநாதன். அதோடு நின்றானா? எம்.எஸ்ஸி. படிக்க வேண்டுமாம். அதுவும் ஜியாலஜியாம். கல்லுக்கும் மண்ணுக்கும் அவ்வளவு பெரிய பேரு.

சுத்தியல் வாங்க வேண்டும். பூட்ஸ் வாங்க வேண்டும். வருஷத்துக்கொரு தரம் டூர் என்று மலை மலையாகக் கூட்டிப் போவார்களாம், அதற்கும் தனியாகப் பணம். "கல்லு ஒடைக்கறவன் கூலி வாங்கிக்கினு ஒடைக்கறான். எம்புள்ள கூலி குடுத்து ஒடைக்கப் போறான்" என்றாள். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். சவரியம்மாள் கண்ணைத் திறக்கவில்லை.

பஸ் ஒருவழியாகக் கிளம்பியது. ஜெயமாலா கடனுக்கு வந்தாள். அதுதான் அவளுக்குப் புரியவே மாட்டேன் என்றது. கடன் ஸ்காலர்ஷிப் என்று சர்க்காரில் ஒன்று கொடுக்கிறார்களாம். ஸ்காலர்ஷிப் என்றால் சும்மா கொடுப்பது. கடன் என்றால் திருப்பி வாங்குவது. கொடுப்பதையும் வாங்குவதையும் ஒரே பேரில் கூப்பிட்டால் மனுஷன் எதை நம்புவது? வாத்தியார் வேலைக்குப் போனால் கடனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுபடி செய்துவிடுவார்களாம். போகாவிட்டால்? அப்புறம் ஜாமீன் கையெழுத்து வேறு அவன் நைனாதான் போட வேண்டுமாம். "ஜாமீன் போடறதுக்கு அவன் இன்னா ஜெயிலுக்கா போறான்?"

மெட்ராஸ் ஒன்றும் இளைத்தது இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும் அல்லவா? அங்கே எம்.ஏ. எகனாமிக்ஸில் சேர்த்துக்கொள்கிறேன் என்று ஒரு காலேஜில் சொல்லியிருந்தார்கள். திருவல்லிக்கேணியில் நாத்தனார் நீலாஞ்சனா இருக்கிறாள், அவள் வீட்டிலேயே தங்கிக்கொள்ளலாம். ஆனால் நீலாஞ்சனா சும்மா சோறு போடுகிற ஜாதியா? வாடகையில் பாதி கேட்கிறாள், கரண்டுக்குத் தனி கேட்கிறாள், தம்பி மகன் எத்தனை இட்லி சாப்பிட்டான் என்று செஞ்சி வரைக்கும் சொல்லி அனுப்புவாள். பஸ்ஸுக்கு தினம் காசு. பட்டணத்துப் பிள்ளைகள் நடுவே போய் நிற்கச் சட்டை. அந்தப் படிப்புக்குக் கடன் ஸ்காலர்ஷிப்பும் சுளுவில் கிடைக்காதாம். மகாவீரன் ஒரே பேச்சில் முடித்துவிட்டாராம்: மெட்ராஸ் என்றால் வல்லத்துக் கொல்லையை விற்க வேண்டும், சிதம்பரம் என்றால் சர்க்காருக்குக் கடன்பட வேண்டும், தாயும் பிள்ளையும் பேசிச் சொல்லுங்கள்.

தாய் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். ஹாஸ்டல் வாடகையைக் கூட்டிப் பார்த்தாள். டூரைக் கூட்டினாள், பூட்ஸைக்கூட இரண்டு ஜோடியாகவே கூட்டினாள். எப்படிப் போட்டாலும் சிதம்பரம்தான் மலிவாக வந்தது, படிப்பும் அவன் ஆசைப்பட்ட படிப்பு. அதனால் கணக்கில் ராத்திரிச் சாப்பாட்டைச் சேர்த்தாள்.

"நாங்க ஜைனருங்க, பொழுது எறங்கினா பச்சத்தண்ணி தவிர எதையும் வாயில வெக்கமாட்டோம். ஒங்களுக்குத்தான் தெரியுமே நர்சம்மா..."

நர்சம்மாவுக்குத் தெரியும். முள் குத்தின காலும் காய்ச்சலுமாக வந்தவள், விளக்கு வைத்த பிறகு மாத்திரை விழுங்க மாட்டேன் என்று அழிச்சாட்டியம் செய்ததை ஆஸ்பத்திரியே பார்த்தது. ஹாஸ்டலில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு மணி அடிப்பதே ஏழரைக்குத்தானாம். சூரியன் எப்போதோ போய்ப் படுத்திருக்கும். பிள்ளை சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் மாசத்துக்குப் பணம் கட்டியே ஆக வேண்டும். அவன் பட்டினி கிடப்பான், அவன் பங்குச் சோற்றை வேறு எவனோ தின்பான். சாயந்தரம் வெளியில் பொரி, வாழைப்பழம் என்று வாங்கினால் அது வேறு செலவு. பகல் சாம்பாரிலோ வெங்காயமும் உருளைக்கிழங்கும் மிதக்கும், அதையும் ஒதுக்கினால் மிச்சம் என்ன இருக்கும்? ரசமும் தட்டும்தான்.

அனந்தபுரத்தில் பஸ் நின்று ஒரு கூட்டம் ஏறியது. கோழிக்கூடை ஒன்று காலடிக்கு வந்தது. ஜெயமாலா பாவத்துக்குப் பயந்து காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டாள், பேச்சை மட்டும் இறக்கி வைக்கவில்லை.

இத்தனை கஷ்டத்தையும் மனசில் வைத்துக்கொண்டுதான் இண்டர்வியூவுக்கு மகனோடு அவளும் போனாளாம். அவனை உள்ளே உட்கார வைத்துவிட்டார்கள். இவள் வராந்தா பெஞ்சில். பக்கத்தில் ஒரு பெரியவர், ஒல்லியாக, வேட்டி கட்டிக்கொண்டு. யாரோ பையனின் தகப்பனார் போல இருந்தார். நல்ல மனுஷன், குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மணி, பொரி, வாழைப்பழம், கடன், ஜாமீன் எல்லாம். மெட்ராஸில் ஏற்கெனவே இடம் ஆகிவிட்டது, வீடும் ஏற்பாடாகிவிட்டது, பையனும் சரி என்று தலையாட்டிவிட்டான், இங்கே சும்மா பார்த்துவிட்டுப் போகத்தான் வந்தோம் என்றும் சொன்னாள். அவர் சரிம்மா, சரிம்மா என்று கேட்டுக்கொண்டார். அப்புறம் எழுந்து உள்ளே போனார். போனவர்தான் இண்டர்வியூவுக்கே தலைவராம். தர்மநாதனுக்கு வெயிட்டிங் லிஸ்டில் முதல் இடம். வேறு போக்கிடம் இல்லாத பையனுக்கு சீட்டைக் கொடுத்துவிட்டார். ஒரு மனுஷன் தான் யார் என்று சொல்லிவிட்டு உட்கார வேண்டாமா? வேட்டியைக் கட்டிக்கொண்டு பெஞ்சில் வந்து உட்கார்ந்தால் யாருக்குத் தெரியும்?

"அட்டெண்டர்கூட எழுந்து நின்னு கும்புடு போட்டான், அதுக்கும் ஒரு வார்த்த பேசல. தலைய மட்டும் ஆட்டிட்டு எம் பக்கத்துல வந்து..."

யாருக்குத் தெரியும் என்ற வாயே இதைச் சொல்வது, முடிப்பதற்குள் அவளுக்கே கேட்டுவிட்டது. சவரியம்மாளின் ஒரு கண் திறந்து, அவளைப் பார்த்துவிட்டு, மூடிக்கொண்டது.

கொஞ்ச தூரம் ஜெயமாலா டிபன் கேரியரின் பிடியைத் திருகிக்கொண்டு வந்தாள். பிறகு, கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது போல ஆரம்பித்தாள். அந்த வராந்தாச் சுவரில் ஒரு போட்டோ மாட்டியிருந்தது. அங்கே படித்துப் போன பிள்ளைகளாம். எங்கேயோ வடக்கே மணல்காட்டில், கூடாரத்துக்கு முன்னால், தாடியும் தொப்பியுமாக ஒட்டகத்தோடு நிற்கிறார்கள். எவன் எவன் என்று பெற்றவள்கூடக் கண்டுபிடிக்க முடியாது. அஸ்ஸாமில் ஒருவன், பீஹாரில் ஒருவன், இங்கே படித்தால் வேலைக்குக் குறைவே இல்லை என்று அட்டெண்டர் பெருமையாகச் சொன்னான். மெட்ராஸ் என்றால் திண்டிவனம் போய் ரயில் ஏறினால் மத்தியானம் பிள்ளையைப் பார்த்துவிடலாம். அஸ்ஸாமுக்கு எந்த பஸ்? அந்த நேரத்தில்தான் பெரியவர் வந்து உட்கார்ந்தார்.

லிஸ்ட் வந்தபோது தர்மநாதன் சண்டை போடவில்லை. மார்க்கு போதவில்லை என்று அவனே நினைத்துக்கொண்டான். அலமாரித் தட்டில் சின்ன வயசிலிருந்து சேர்த்து வைத்திருந்த கல்லையெல்லாம் பையில் போட்டுக்கொண்டு மலைப்பக்கம் போனான். இருட்டுகிற நேரத்துக்கு வெறும் பையோடு வந்தான்.

"'எடுத்த எடத்துலயே வெச்சிட்டேம்மா, எகனாமிக்ஸே படிக்கறேன்'ன்னான் நர்சம்மா. கோவிச்சிக்கினாகூடத் தேவல. சிரிச்சிக்கினே சொல்றான்."

அன்றைக்குச் சாயந்தரம் அவனுக்குப் பொழுதோடு போட வேண்டிய சோறு அப்படியே இருந்தது. அவள் வீட்டில், அவள் கையால் வடித்த சோறு.

சிதம்பரத்தில் சேரச் சொன்ன பையன்களில் ஒருவன் வரவில்லையாம், இன்று சாயந்தரத்துக்குள் யாரை எடுப்பது என்று பெரியவர் முடிவு செய்துவிடுவாராம். லிஸ்டில் முதல் பையன் மெட்ராஸ் போகிறவன் என்று அவரிடம் அவளே சொல்லி வைத்திருக்கிறாளே. காலையில் தர்மநாதனின் சிநேகிதன் வந்து சொன்னபோது அவன் வீட்டில் இல்லை. ஜெயமாலா மேல்சித்தாமூர்க் கோவிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு இந்த பஸ்ஸில் ஏறிவிட்டாள். விழுப்புரத்தில் ரயில் பிடித்தால் மத்தியானத்துக்குள் அந்தப் பெஞ்சுக்குப் போய்விடலாம். போய்? அதைத்தான் செஞ்சியிலிருந்து சொல்லிப் பார்த்துக்கொண்டே வருகிறாள். மணியிலிருந்து ஆரம்பித்தால் பழையபடி வாழைப்பழத்தில் போய் நிற்கிறது. கடனிலிருந்து ஆரம்பித்தால் நாத்தனார் வந்துவிடுகிறாள்.

விழுப்புரம் நெருங்கியது. ஜனங்கள் மூட்டையை எடுக்கத் தொடங்கினார்கள். ஜெயமாலா மடியில் கை வைத்துக்கொண்டு, இத்தனை நேரம் பஸ்ஸுக்கே கேட்கப் பேசினவள், தனக்கும் சரியாகக் கேட்காதபடி சொல்லிப் பார்த்தாள்.

"பொய் சொன்னேன்யா. பயத்துல சொன்னேன். எம்புள்ள ராத்திரிச் சோறே சாப்டட்டும். வெங்காயம் கெடந்தாலும் சாப்டட்டும். அந்தப் பாவம் எனக்கு வரட்டும். அவன எடுத்துக்குங்க."

சவரியம்மாள் இப்போது நன்றாக விழித்துக்கொண்டு, திரும்பி உட்கார்ந்து, காதைக் கொடுத்துக் காத்திருந்தாள். ஜெயமாலாவோ டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு படிப்பக்கம் நகர்ந்துவிட்டாள்.