கழுவாத தாலி

செகண்ட் ஹாண்டில் எதையும் வாங்கக் கூடாது என்பது என் கொள்கை, ஐயா. எண்பத்தைந்திலிருந்து பதினோரு வருஷமாக உஸ்மான் ரோட்டில் ஜவுளிக்கடை சூப்பர்வைசர். மடிப்புக் கலைந்த சேலையைக்கூடத் தொடமாட்டேன். தண்ணீருக்குள் நகை தேடும் அந்தப் பழைய மெஷினை வாங்கச் சொன்னது என் மாமியார் வேலம்மா.

என் மனைவி சீதாவை எலியட்ஸ் கடற்கரையில் அலை இழுத்துவிட்டது என்று உங்களிடம் எழுதிக் கொடுத்தேன் அல்லவா? மறுநாள் உடலும் அங்கேயே ஒதுங்கியது. கழுத்தில் தாலி இல்லை. வேறு யாராக இருந்தாலும் அழுது ஓய்ந்திருப்பார்கள். மாமியார் ஒரே பிடியாக நின்றார்.

“சுமங்கலியாப் போன பிள்ளைய வெறுங்கழுத்தோட எரிச்சிட்டமே மாப்ளே. அந்தத் தாலி கைக்கு வராம நான் படையலுக்கு இலை போட மாட்டேன்.”

ஈக்காட்டுத்தாங்கலில் பட்டறை வைத்திருக்கும் மெஹபூப் பாஷா, துறைமுக ஏலத்தில் எடுத்த மெஷின் அது. “உப்புத் தண்ணில சும்மா சும்மா கத்தும் சார், கண்டுக்காதீங்க. தங்கம் கீதுன்னா மெதுவா முனகும்,” என்றார். நல்ல மனுஷன். ரப்பர் வாஷரை அவரே மாற்றிக் கொடுத்தார்.

தினமும் காலையில் காதில் ஹெட்போனோடு இடுப்பளவுத் தண்ணீரில் நான். மணலில் துண்டும் ஃபிளாஸ்க்குமாக மாமியார். கிடைத்ததெல்லாம் சோடா மூடி, ஆணி, துருப்பிடித்த சாவி. விரலிடுக்கெல்லாம் புண். பெண்டாட்டி மேல் இவ்வளவு பாசமா என்று முதலாளி கண் கலங்கி லீவை நீட்டித்தார். போதும் அத்தை என்றால், “இன்னும் ஒரே நாள் மாப்ளே” என்பார். இப்படி முப்பத்தைந்து நாள். யாரிடம் போய்ச் சொல்வேன்? அங்கே தாலி இல்லை என்று எனக்குத்தானே தெரியும்.

அது அடையாற்று முகத்துவாரத்தில், உடைந்த பாலத்தடியில் கிடந்தது. ஒரு மத்தியானம் தனியாகப் போனேன். மூன்றாவது தூணருகே பத்தே நிமிஷம், மெஷின் முனகியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, ஐயா. அப்பாடா, தொல்லை விட்டது என்று நினைத்தேன். பளிச்சென்று கழுவி வைத்தால் சந்தேகப்படுவார்கள் என்று அப்படியே பிளாஸ்டிக் கவரில் சுற்றிக்கொண்டேன்.

மறுநாள் காலை எலியட்ஸில் முங்கி எழுந்து, தாலியோடு கையை உயர்த்தினேன். மாமியார் சேலையோடு தண்ணீருக்குள் ஓடி வந்தார். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “என் ராசாத்தி” என்று ஓவென அழுதார். கூட்டம் கூடிவிட்டது. அங்கே வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவன் வெள்ளைத்துரை எட்டிப் பார்த்தான். கயிற்று முடிச்சில் அடைந்திருந்த கறுப்பை நகத்தால் சுரண்டி மோந்தான்.

“யம்மா, இது கடல் மண்ணு இல்ல. ஆத்து வாய்ச் சேறு, நாறுது பாரு. இங்க வெறும் மணலுதான கீது?”

மாமியார் கத்தவில்லை. “ஆத்துப் பக்கம் எப்பப் போனீங்க மாப்ளே?” என்று மரியாதையாகத்தான் கேட்டார். காபி வேணுமா என்று கேட்கிற அதே குரல். அவர்தான் என் கையைப் பிடித்து இந்த ஸ்டேஷனுக்குக் கூட்டி வந்தார்.

சீதாவுக்குக் கோயம்புத்தூரில் டீச்சர் வேலை கிடைத்திருந்தது. தனியாகப் போகிறேன், திரும்பி வரமாட்டேன் என்றாள். பேசிப் புரியவைக்கலாம் என்றுதான் அன்று சாயங்காலம் பாலத்தடிக்குக் கூட்டிப் போனேன். எவ்வளவோ பொறுமையாகச் சொல்லிப் பார்த்தேன். கிளம்பினாள். தாலியைப் பிடித்து இழுத்தேன், அறுந்துவிட்டது. அப்புறம் தலையைப் பிடித்துத் தண்ணீருக்குள் அழுத்தினேன்.

இதை மட்டும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. நான் பிடிவாதக்காரன் இல்லை. ‘போகவில்லை’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்போதே தூக்கிவிட்டிருப்பேன். அவள் முகம் தண்ணீருக்குள் இருந்த அவ்வளவு நேரமும் காத்துக்கொண்டுதான் இருந்தேன். அவள் சொல்லவே இல்லை.