நல்ல தண்ணியில் செத்த கிருமி

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற பஸ்ஸு. எனக்கு முன்சீட்டில் சாயப்பட்டறை நடத்தும் புருஷனும் பெண்டாட்டியும்.

"நல்ல தண்ணிய ஊத்தியா அதுகளக் கொன்னீக?"

"தொட்டி நாறுச்சு. வெள்ளிக்கிழமையாச்சேன்னு கழுவிவிட்டேன்."

"சாயத்தோட உப்புத் தண்ணிக்குன்னே வளத்த கிருமி அதுக. கரண்டு செலவில்லாம சாயக்கழிவத் தின்னுச்சுக. மிச்சத் தண்ணி வெயில்ல காஞ்சுச்சு. நல்ல தண்ணி பட்டா செத்துரும்னு சொன்னேன்ல?"

"சரி, கொஞ்ச நாளைக்குக் கழிவ ஓடையில விடுவோம். யாருக்குத் தெரியப் போகுது?"

இந்த மாதிரி ஆளுகளால்தான் எங்கள் ஊர்க் கிணறும் உப்புக் கரிக்கிறது.

"ஓடையோரம் எங்கண்ணன் கிணறு இருக்கு. அவன் ஆடுக குடிக்கிறது அதுலதான்."

"அப்ப பட்டறை?"

"பூட்டிட்டேன். சாவி என் முந்தியில. திரும்பக் கிருமி வளர்ற வரைக்கும் ஒரு நூலு நனையாது."

"எங்கிட்டுப் போயி வாங்குவ?"

"திருச்சுழிப் பட்டறையில கிருமியோட ஒரு கேன் சேறு தாரேன்னுருக்காக. நாறும். நீங்கதான் மடியில வச்சுக்கிட்டு வரணும்."