வாழைத்தோட்டத்தில் கல்யாணி

ஓடுகிறோம். முதல் வெடி. பிறகு மூன்று, அடுத்தடுத்து. காய்ந்த ஓலையைக் கிழிப்பது போன்ற சத்தம். யாரோ கத்துகிறார்கள்: "வெடி வைக்கான், ஓடுங்கோ!"

1954, ஆடி மாதம். மார்த்தாண்டத்துக்கு மேற்கே ஒரு சிறிய சந்தை. எனக்குப் பதினொரு வயது. அப்போது மலையாள ராஜ்யத்தில் இருந்த எங்கள் பகுதியைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி ஊர்வலம் வந்தது. போலீஸ் சுட்டது.

பாட்டி என் கையைப் பிடித்திருந்தாள். சட்டென்று விட்டாள். "வாழைக்குள்ள போய்க் கிட மக்கா. எழும்பாத." திரும்பிச் சந்தைக்குள் ஓடினாள்.

பாட்டியின் பெயர் தங்கம்மை. மரச்சீனிக் கிழங்கு விற்றாள். என்னைப் பெற்ற மூன்றாம் நாள் அம்மை இறந்துபோனாள். வளர்த்தது பாட்டி. சந்தையில் அவளுக்குப் பக்கத்தில் கல்யாணி வெற்றிலை விற்றாள். இருபது வருடமாக. கல்யாணி வீட்டில் மலையாளம். பாட்டி தமிழில் கேட்பாள், அவள் மலையாளத்தில் பதில் சொல்வாள். சண்டையும் அப்படித்தான். மத்தியானம் ஒரே இலையில் சாப்பிடுவார்கள். கல்யாணிக்கு யானைக்கால். ஓட முடியாது. பாட்டி திரும்பியது அதற்காகத்தான்.

மண்ணோடு மண்ணாகக் கிடக்கிறேன். பாட்டி வருகிறாள். கல்யாணியின் இரண்டு கக்கத்திலும் கை கொடுத்து இழுத்துக்கொண்டு வருகிறாள். கல்யாணியின் வயிற்றில் ரத்தம். பாட்டி சும்மாட்டுத் துணியை வைத்து அழுத்துகிறாள். கையை எடுத்தால் ரத்தம் பாய்கிறது.

கல்யாணி வெள்ளம் கேட்டாள். தண்ணீர்.

வாய்க்கால் இருபதடி தூரம். அதற்கு அப்பால் ரோடு. ரோட்டில் பூட்ஸ் சத்தம்.

"மக்கா, கொஞ்சம் கோரிட்டு வா," என்றாள் பாட்டி. நான் எழும்பவில்லை. மறுபடியும் சொன்னாள். என் கால் எழும்பவில்லை. மூன்றாம் தடவை சொல்லவில்லை. என்னைப் பார்த்தாள். பிறகு கல்யாணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணி ஐந்து தடவை கேட்டாள். பிறகு கேட்கவில்லை.

மறுநாள் பாட்டி கல்யாணியின் வீட்டுக்குப் போனாள். நானும் போனேன். மகள் சரோஜினி வாசலில் நின்றாள். உங்கள் ஆட்களின் ஊர்வலம்தான் என் அம்மையைக் கொன்றது என்றாள். கதவைச் சாத்தினாள். பாட்டி வெகுநேரம் வெயிலில் நின்றாள்.

அதன் பிறகு சந்தை முடிந்த நாளெல்லாம் நாலு கிழங்கை அந்த வாசலில் வைத்துவிட்டு வருவாள். அடுத்த தடவை போனால் அது அங்கேயே அழுகிக் கிடக்கும். எடுத்து எறிந்துவிட்டுப் புதிதாக வைப்பாள். இரண்டு வருடம். வாய்க்காலைப் பற்றி வீட்டில் ஒரு சொல் பேசவில்லை. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

1956, ஐப்பசி. எங்கள் ஊர் தமிழ்நாடாயிற்று. தெருவெல்லாம் பட்டாசு. நான் கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொண்டேன். பாட்டி கதவை அடைத்துவிட்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

கார்த்திகையில் சரோஜினி குடும்பம் எல்லைக்கு அப்பால், நெய்யாற்றின்கரைப் பக்கம் குடிபோயிற்று. பஸ் நிற்கிற இடத்துக்குப் பாட்டி என்னையும் கூட்டிப் போனாள். தூரத்தில்தான் நின்றோம். சரோஜினி தானாகவே வந்தாள்.

"அம்மை கடைசியில எந்தா பறஞ்ஞு?" என்ன சொன்னாள் என்று கேட்டாள்.

"வெள்ளம் கேட்டா. இவதான் கோரிட்டு வந்தா. குடிச்சிட்டுத்தான் கண்ணடைச்சா," என்றாள் பாட்டி.

சரோஜினி என் தலையில் கை வைத்தாள். அந்தக் கையின் சூடு இப்போதும் இருக்கிறது. பஸ் போயிற்று.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று வழியில் கேட்டேன்.

"அவளும் உறங்கணும். நீயும் உறங்கணும் மக்கா."

மார்கழியில் பாட்டிக்குக் காய்ச்சல். ஒன்பது நாள். பத்தாம் நாள் பாட்டி இல்லை.

எனக்குத் தெரிந்து போனவர்கள் இவ்வளவு. வெற்றிலைக் கல்யாணி, ஐம்பது வயதிருக்கும். ஊர்வலத்தில் கொடி பிடித்து வந்து வெடிபட்டுச் செத்த ஒரு தச்சர், பெயர் தெரியாது. என் பாட்டி தங்கம்மை. ஊரைவிட்டுப் போன சரோஜினி, அவள் புருஷன், ஒரு கைக்குழந்தை. அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. அந்தக் குழந்தையாவது இதைப் படிக்கட்டும். உன் பாட்டிக்கு நான் தண்ணீர் கொடுக்கவில்லை.